ஒரு பை மண், ஒரு கேன் தண்ணீர்

தூதர் வந்தபோது நான் வடிகட்டி மாற்றிக்கொண்டிருந்தேன்.

பீங்கான் வடிகட்டி. மாதம் ஒன்று விரிசல் விடும். விட்டதைத் தூக்கி எறிய மாட்டோம். சில்லுசில்லாக உடைத்து வாளியில் போட்டு வைப்போம். எங்கள் ஊரில் வாக்கெடுப்பு அதிகம். ஒவ்வொன்றுக்கும் ஆளுக்கொரு சில்லு வேண்டும்.

வண்டி வாசலறையில் நின்றது. இறங்கியவர் தலைக்கவசத்தைக் கழற்றினார். சட்டைப்பையிலிருந்து சீப்பை எடுத்துத் தலை வாரிக்கொண்டார். பிறகுதான் வணக்கம் சொன்னார். பெருங்குழாயிலிருந்து வருகிறார் என்று அதிலேயே தெரிந்துவிட்டது. வலது கையில் ஒரு துணிப்பை. இடது கையில் ஒரு கேன். இரண்டும் காலி. இரண்டிலும் அரசு முத்திரை.

"உங்க தலைவரைப் பார்க்கணும்."

"இன்னைக்கு யாருன்னு தெரியலயே."

"தலைவர் யாருன்னு உங்களுக்குத் தெரியாதா?"

"காலைல பேர் குலுக்கி எடுத்தாங்க. நான் போகல."

அவர் சீப்பை மறுபடி வெளியே எடுத்து, யோசித்து, உள்ளே வைத்தார்.

செவ்வாய்க் கிரகத்தில் தமிழர்கள் இரண்டு விதமாக வாழ்கிறார்கள். ஒன்று பெருங்குழாய். துருவத்துப் பனியை உருக்கி, ஒரே குழாயில் சமவெளிக்குக் கொண்டுவருகிறார்கள். நாற்பதாயிரம் பேர். ஒரு குழாய், ஒரு திருகு. திருகு யார் கையில் இருக்கிறதோ அவர் சொல்வதுதான் சட்டம். அவரைப் பெரியவர் என்பார்கள். பெயர் உண்டா என்று தெரியாது.

இன்னொன்று நாங்கள். மலைக்குழிகள். ஒவ்வொரு குழிக்கடியிலும் கொஞ்சம் பனி உண்டு. அதைத் தோண்டி உருக்க ஒரு சின்ன யந்திரம் வந்தது. அதை அடுப்பு என்போம். அடுப்பு வந்தபின் தண்ணீருக்காக யாரும் யாரையும் கெஞ்ச வேண்டியதில்லை என்று ஆயிற்று. கெஞ்ச வேண்டாம் என்று ஆனதும் எல்லோரும் பேச ஆரம்பித்தார்கள். இன்னும் நிறுத்தவில்லை.

எங்கள் குழிக்கு உரல் என்று பெயர். மேட்டுக்கு அந்தப்பக்கம் சட்டி. அதற்கும் அப்பால் அகல். எல்லோருடைய முன்னோர்களும் தூத்துக்குடியிலிருந்தும் திருநெல்வேலியிலிருந்தும் ஒரே கப்பலில் வந்தவர்கள். ஒரே பேச்சு, ஒரே குழம்பு. ஆனாலும் சட்டியில் எங்களுக்கு மூன்று நாள் முந்தியே பொங்கல். அகலில் மாதங்களுக்கு வேறு பெயர். கடிகாரத்தைக்கூட வேண்டுமென்றே பத்து நிமிடம் தள்ளி வைத்திருக்கிறார்கள். வருஷத்துக்கு ஒரு வாரம் எல்லாக் குழிகளும் கூடிக் கபடி ஆடுவோம். அந்த வாரம் மட்டும் சண்டை கூடாது. இங்கே எடை பூமியில் உள்ளதில் மூன்றில் ஒரு பங்குதான். பாடிப் போகிறவன் பிடிக்க வருகிறவர்களின் தலைக்கு மேலே தாவித் திரும்பிவிடுவான். தாவலாமா கூடாதா என்பது இன்னும் முடிவாகவில்லை.

இதற்கெல்லாம் ஒரே பெயர் சொல்வாள் செண்பகம். கிரேக்கம். அவள் என் மனைவி. ஊர்ப் பள்ளியில் வரலாறு சொல்லிக்கொடுத்தாள். போன வருஷம் இறந்துபோனாள்.

அன்றைய தலைவர் ஜைனம்பு லாத்தா, ஊருக்கே அக்கா. குலுக்கலில் பெயர் விழுந்த கோபத்தில் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தார்.

"யாரு இது?"

"பெருங்குழாய்த் தூதர்," என்றேன்.

"சந்தானகோபாலன்," என்றார் தூதர். பிறகு நிமிர்ந்து நின்று மனப்பாடமாக ஒப்பித்தார். "பெரியவர் உங்கள் நலம் விசாரிக்கிறார். உரல் பெருங்குழாயுடன் சேர விரும்புகிறார். சம்மதத்துக்கு அடையாளமாக ஒரு பை மண்ணும் ஒரு கேன் தண்ணீரும் அனுப்பும்படி கேட்கிறார்."

"மண்ணா? அங்க மண் இல்லியா?"

"இருக்கும்மா. இது அடையாளத்துக்கு."

"தண்ணி?"

"அதுவும் அடையாளத்துக்கு."

"அப்ப எங்களுக்கு என்ன அடையாளம் தருவிய?"

"ஆஸ்பத்திரி. டாக்டர் ரெண்டு பேர். ஆபரேஷன் தியேட்டர்."

சமையற்கூடத்தில் இருந்த எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நான் கையிலிருந்த வடிகட்டியைப் பார்த்தேன்.

"நாளைக்குச் சபை," என்றார் ஜைனம்பு லாத்தா. "விருந்தாளி இன்னைக்கு யார் வீட்டுல தங்கணும்? வாளிய எடுங்க."

குலுக்கினார்கள். எனக்கு விழுந்தது. எனக்கு எப்போதும் விழும்.

என் வீட்டில் ஒரு நாற்காலிதான் வெளியே இருந்தது. இன்னொன்றைக் கட்டிலுக்கடியிலிருந்து எடுத்துத் தூசி தட்டினேன். ஜைனம்பு லாத்தா கத்தரிக்காய்க் குழம்பு கொடுத்தனுப்பியிருந்தார். தூதருக்கு மட்டும் ஊற்றினேன்.

"நீங்க?"

"நான் கத்தரிக்கா சாப்பிடுறதில்ல."

எனக்குத் தயிர். அவர் ஒரு வாய் சாப்பிட்டார். இரண்டு பக்கமும் பார்த்தார். குரலைத் தாழ்த்தினார்.

"ஒரு சந்தேகம். முடிவெடுக்க ஒருத்தர் இல்லாம எப்படி இருக்கீங்க?"

"முடிவே எடுக்கிறதில்ல. பேசிக்கிட்டே இருப்போம்."

சிரிக்க வைக்கச் சொல்லவில்லை. அவர் சிரித்தார். சிரித்துவிட்டுக் கதவைப் பார்த்தார்.

"ஸ்கூல்ல எங்களுக்கும் வரலாறு உண்டு. எகிப்து, பாபிலோன், பாரசீகம். பெரிய ஆறு, பெரிய ராஜா, பெரிய கட்டடம். கிரேக்கத்துக்கு அரைப் பக்கம்தான். மலையிடுக்கில் வாழ்ந்த சிறு ஊர்கள், ஒற்றுமையின்மையால் அழிந்தன. அவ்வளவுதான். பரீட்சைக்குக்கூட வராது."

"செண்பகத்துக்கு அந்த அரைப் பக்கம்தான் பாடம். ஆறு இருந்தா கால்வா வெட்டணும்பா. கால்வா வெட்ட ஆயிரம் பேர் வேணும். ஆயிரம் பேர மேய்க்க ஒருத்தன் வேணும். அவன் சாமி ஆயிருவான். கிரேக்கத்துல நைல் மாதிரி ஆறு கெடையாது. மலை, கடல், ஆலிவ் மரம். பள்ளத்தாக்குக்கு ஒரு ஊரு. ராஜாவ வச்சுச் சோறு போட அவங்களுக்குக் கட்டுப்படியாகல."

"அவ்வளவுதானா? தண்ணிதானா எல்லாம்?"

"நானும் அதத்தான் கேட்டேன். அது பாதிதான்னா. மலை எத்தனையோ தேசத்துல இருக்கு, எல்லாரும் கூடிப் பேசிரல. மீதிப் பாதி என்னன்னு கேட்டா, அது தெரியாமத்தான் வரலாறு படிக்கேன்னா."

அவர் கையைக் கழுவிவிட்டு வெளியே கை காட்டினார். வரும்போதே உணவுக்கூடத்துச் சுவர்களில் ஊர்ச் சட்டங்கள் எழுதியிருப்பதைக் கவனித்திருக்கிறார். "அதென்ன, சட்டத்தைப் போய் வெளியில எழுதி வச்சிருக்கீங்க?"

"உங்க ஊர்ல?"

"ஆபீஸ்ல இருக்கு. யாரும் பார்த்ததில்ல."

"அதுவும் அவ வேலைதான். எழுத்த கிரேக்கர்கள் பக்கத்துல இருந்த பினீசியர்கள்கிட்டதான் வாங்கினாங்களாம். இருபத்திச் சொச்சம் எழுத்து. யாரும் படிச்சுக்கலாம். எகிப்துல எழுத்துக்குன்னு ஒரு கூட்டம், அவன் படிச்சுச் சொன்னாத்தான் மத்தவனுக்குத் தெரியும். இவங்க சட்டத்தக் கல்லுல வெட்டித் தெருவுல வச்சாங்க. எவனும் படிச்சிட்டுச் சண்டைக்கு வரலாம்."

"பொம்பளைங்களுமா?"

"இல்ல. அங்க பொம்பளைங்க சபையில பேச முடியாது. அடிமைகளும் முடியாது. அடிமைங்க வேல பாத்ததாலதான் மத்தவனுக்குப் பேச நேரம் கெடைச்சுதும்பா. அத மட்டும் காப்பியடிக்கக் கூடாதுன்னு சபையில சேர்ந்த அன்னைக்கே ஒரு சட்டம் கொண்டுவந்தா. அதனாலதான் இங்க வெங்காயம் நறுக்கவும் குலுக்கல்."

ஒரு வருஷத்தில் நான் இவ்வளவு பேசியது அன்றுதான். நான் பேசவில்லை என்று அப்புறம்தான் தோன்றியது. எல்லாம் அவள் சொன்னவை.

மறுநாள் சபை. சபை கூடுவது கபடி மைதானத்தில். நடுக்கோட்டில் தலைவருக்கு ஒரு முக்காலி. அன்றும் ஜைனம்பு லாத்தாவுக்கே விழுந்திருந்தது. வாளியில் ஏதோ தில்லுமுல்லு என்று அவர் ஒரு புகார் சொன்னார். அது தனிச் சபையில் பேசப்படும் என்று முடிவாயிற்று.

முதலில் எழுந்தவர் கோமதிநாயகம் அண்ணாச்சி. பல்பிடுங்கத் தெரிந்தவர். ஊரில் மருத்துவம் என்றால் அதுதான்.

"சேரணும். வேற பேச்சே இல்ல. ஒரு பை மண்ணு, ஒரு கேன் தண்ணி. அத அனுப்பிட்டா ஆஸ்பத்திரி வருது. போன வருஷம் செண்பகத்துக்கு வயித்துவலி வந்தப்ப நாம என்ன செஞ்சோம்? வண்டி அனுப்பச் சொல்லிப் பெருங்குழாயக் கேக்கலாமா வேண்டாமான்னு இதே எடத்துல உக்காந்து பேசினோம். கேட்டா நாளைக்கு அவன் கேப்பான்னு ஒருத்தன். கேக்காட்டா இவ செத்துருவான்னு ஒருத்தன். வண்டி வரும்போது எல்லாம் முடிஞ்சு போச்சு. கேளுங்க இசக்கியப்பன்கிட்ட!"

இசக்கியப்பன் என்பது நான்.

சவரிமுத்து அண்ணன் எழுந்தார். கபடியில் தாவலாம் என்ற கட்சி. எதிலும் தாவுவார்.

"அண்ணாச்சி, செண்பகத்த இழுக்காதீரும். படுத்துக்கிடந்துக்கிட்டே அந்தப் புள்ள என்ன சொல்லிவிட்டா? 'சம்பந்தப்பட்ட ஆள் ஓட்டுப் போடக் கூடாது, என் பேரையும் என் வீட்டுக்காரர் பேரையும் நீக்கிட்டு நடத்துங்க'ன்னு சொல்லிவிட்டாளா இல்லியா? சாகும்போதும் சட்டம் பேசுன பொம்பள. அவ பேரச் சொல்லி ஊர அடமானம் வைக்கப் பாக்கீரு! கேளுங்க இசக்கியப்பன்கிட்ட!"

"நீரு மண்ணு குடுக்காம இருந்தா அவ எந்திரிச்சு வந்துருவாளோ?"

"நீரு குடுத்தா மட்டும் வந்துருவாளோ?"

"என்னவே பேசுதீரு!"

"நீருதான்வே ஆரம்பிச்சீரு!"

சந்தானகோபாலன் மைதானத்தின் ஓரத்தில் உட்கார்ந்திருந்தார். மடியில் பையும் கேனும். வாய் திறந்திருந்தது. ஒருவர் பேசும்போது இன்னொருவர் குறுக்கே பேசுவதை அவர் அதற்குமுன் பார்த்ததில்லை என்று நினைக்கிறேன். கபடியை முதல்முறை பார்க்கிற குழந்தை போல இருந்தார்.

மத்தியானம் வரை போயிற்று. பிறகு சில்லுகளைப் போட்டோம். நான் எதுவும் எழுதாத வெறும் சில்லைப் போட்டேன். எண்ணினார்கள். சரிபாதி.

ஜைனம்பு லாத்தா முக்காலியில் ஏறி நின்றார்.

"ஊரு ரெண்டு பட்டாச்சு. சேரணும்ங்கிறவங்க இந்தப் பக்கம். கூடாதுங்கிறவங்க அந்தப் பக்கம்."

எல்லோரும் எழுந்து நகர்ந்தார்கள். கணவன் ஒரு பக்கமும் மனைவி மறுபக்கமுமாகச் சிலர். சாப்பாட்டுத் தூக்கு எந்தப் பக்கம் போவது என்று ஒரு வீட்டில் தகராறு. நான் உட்கார்ந்த இடத்திலேயே இருந்தேன். கூட்டம் விலகியபின் பார்த்தால் கோட்டின் மேல் இருந்தேன்.

"இசக்கி," என்றார் லாத்தா. மெதுவாகச் சொன்னார். "சுவத்துல என்ன எழுதியிருக்கு தெரியும்லா?"

தெரியும். 'ஊர் இரண்டு படும்போது எந்தப் பக்கமும் நிற்காதவருக்கு ஊரில் இடம் இல்லை.' ஏதென்ஸில் சோலோன் என்ற ஒருவர் அப்படி ஒரு சட்டம் போட்டதாகச் சொல்வார்கள். அதை இங்கே கொண்டுவந்தவள் செண்பகம். நான் சபைக்கு மட்டம் போடுவதைப் பார்த்துத்தான் கொண்டுவந்தாள் என்பது ஊருக்கே தெரியும். அன்றைக்கு எல்லோரும் சிரித்துக்கொண்டே நிறைவேற்றினார்கள். இதுவரை யார் மேலும் பாய்ந்ததில்லை.

"எந்தப் பக்கம்னாலும் சரிப்பா," என்றார் கோமதிநாயகம் அண்ணாச்சி. "ஒரு எட்டு வை. போதும்."

"இந்தப் பக்கம் வந்தா ரொம்ப நல்லது," என்றார் சவரிமுத்து அண்ணன்.

எட்டு வைக்கலாம் என்று பார்த்தேன். எந்தக் காலை என்று தெரியவில்லை.

"நாளைக்குச் சாயங்காலம் வரைக்கும் நேரம் இருக்கு," என்றார் லாத்தா. "இல்லேன்னா நீ தூதர் வண்டியிலதான் போணும். பெருங்குழாய்க்கு. மத்தக் குழிகள்லயும் எடம் இல்ல. என்ன மன்னிச்சிரு. நான் எழுதின சட்டம் இல்ல."

அன்று மாலை சந்தானகோபாலன் தோட்டம் பார்க்க வேண்டும் என்றார். கூட்டிப்போனேன். கண்ணாடிக் கூரைக்கடியில் பாத்திகள். தக்காளி, வெண்டை, கத்தரி, பாகல்.

"மண்ணு குடுக்கிறதா முடிவானா இங்கிருந்துதானே குடுப்பீங்க? வெளியில இருக்கிறது வெறும் துரு. அதைக் கொண்டுபோனா ஏத்துக்க மாட்டாங்க. விளையிற மண்ணாத்தான் இருக்கணும்னு உத்தரவு."

"இங்கிருந்துதான். ஊர்ல மண்ணுன்னா இதுதான்."

அவர் குனிந்து ஒரு பிடி அள்ளினார். கறுப்பாக, ஈரமாக இருந்தது. "அருமையா இருக்கே. எங்கிருந்து வந்துச்சு?"

"நாங்க செஞ்சது. எலை, சக்கை, சமையல் கழிவு. அப்புறம் ஆளுங்க."

"ஆளுங்களா?"

"செத்தவங்கள இதுலதான் சேப்போம். எந்தப் பாத்தின்னு குலுக்கல்."

அவர் கையைத் திறக்கவும் இல்லை, மூடவும் இல்லை.

"இது யாரு?"

"செண்பகம்."

"கத்தரிக்கா..."

"ஆமா. அவளுக்குக் கத்தரிக்கான்னாலே ஆகாது. குழம்புல கெடந்தா எடுத்து என் தட்டுல போடுவா. குலுக்கல்ல இந்தப் பாத்திதான் விழுந்துச்சு. மாத்தித் தரவான்னு லாத்தா கேட்டாங்க. சட்டப்படி மாத்த முடியாது. அவ இருந்திருந்தா அதத்தான் சொல்லியிருப்பா."

அவர் அந்த ஒரு பிடி மண்ணை இருந்த இடத்திலேயே வைத்தார். விரல்களில் ஒட்டியதையும் தட்டிவிட்டார். பிறகு உட்கார்ந்தார்.

"எங்க ஊர்ல ஆஸ்பத்திரி நிஜமாவே நல்ல ஆஸ்பத்திரி," என்றார். "பொய் சொல்லல. எங்கம்மாவுக்கு நெஞ்சுவலி வந்துச்சு. ஆஸ்பத்திரி எதிர் வீட்டுல இருந்தோம். உள்ள சேர்க்கணும்னா பெரியவர் கையெழுத்து வேணும். அன்னைக்கு அவர் தூங்கிட்டிருந்தார். எழுப்ப யாருக்கும் தைரியம் இல்ல. எனக்கும் இல்ல."

நான் பாத்தியில் ஒரு பழுத்த இலையைக் கிள்ளினேன்.

"உங்க ஊர்ல பேசிக்கிட்டிருந்தாங்க. எங்க ஊர்ல பேசல," என்றார். "ரெண்டு இடத்துலயும் வண்டி லேட்டு."

"ஆமா."

"இருந்தாலும் உங்களுக்குத் திட்டறதுக்கு நூறு பேர் இருக்காங்க. எனக்கு ஒருத்தர்கூட இல்ல."

நான் யாரையும் திட்டியதில்லை என்று அப்போதுதான் ஞாபகம் வந்தது.

மறுநாள் மைதானத்தில் எல்லோரும் அவரவர் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்கள். வண்டி சார்ஜ் ஏறி நின்றது. என் துணிமணியை ஒரு மூட்டையாகக் கட்டி யாரோ வாசலறையில் வைத்திருந்தார்கள். மடிப்பைப் பார்த்தால் ஜைனம்பு லாத்தாதான். அன்றைய தலைவரும் அவர்தான். மூன்றாவது நாள்.

"இசக்கி. எந்தப் பக்கம்?"

எழுந்தேன்.

"சட்டத்த நீக்கணும்னு ஒரு தீர்மானம் கொண்டுவாரேன்."

"எந்தச் சட்டத்த?"

"செண்பகம் சட்டத்த."

சட்டத்தை நீக்கும் தீர்மானம் வந்தால் மற்றதெல்லாம் காத்திருக்க வேண்டும். அதுவும் சுவரில் இருக்கிறது. லாத்தா முக்காலியில் உட்கார்ந்தார். "பேசு."

"இந்தச் சட்டம் தப்பு. கொண்டுவந்த அன்னைக்கே வீட்டுல சொன்னேன். சபையில வந்து சொல்லுங்கன்னா. வரல. இப்ப வந்திருக்கேன்."

மைதானம் அமைதியாக இருந்தது. எங்கள் ஊரில் அது அபூர்வம்.

"பேசுறவன் பேசட்டும். முடியாதவன் சும்மா இருக்கட்டும். எனக்கு ஒரு வருஷமா எல்லாம் ஒண்ணாத்தான் தெரியுது. இட்லியும் உப்புமாவும் ஒண்ணு. பெருங்குழாயும் உரலும் ஒண்ணு. காலைல எந்திரிக்கிறதும் எந்திரிக்காததும் ஒண்ணு. இது குத்தமா? நொண்டிய ஓடச் சொல்லிச் சட்டம் போடுவியளா?"

சவரிமுத்து அண்ணன் எழுந்தார். "நியாயந்தான் தம்பி. ஆனா செண்பகம் இருந்தா என்ன சொல்லுவா தெரியுமா? ஊரு பெருசு, நீ சிறுசும்பா."

"அவ அப்படிச் சொல்ல மாட்டா," என்றேன்.

கோமதிநாயகம் அண்ணாச்சி எழுந்தார். "இந்த ஒரு விஷயத்துல நானும் சவரி கட்சிதான். கடமைன்னு ஒண்ணு இருக்குன்னு சொல்லுவா."

"கடமைங்கிற வார்த்தையே அவளுக்குப் பிடிக்காது அண்ணாச்சி."

"பொண்டாட்டி சொன்னத மதிக்கணும்னு சொல்லுவா," என்றது பின்னாலிருந்து ஒரு குரல்.

"அவளா? சொன்னத மதிக்கச் சொன்னாளா அவ? யாருவே அது?"

"சோலோனே சொல்லிட்டார்னு சொல்லுவா," என்றது இன்னொரு குரல்.

"மாட்டா! சோலோன் சொன்னது பாதி கட்டுக்கதைன்னு சொல்லுவா! அவகூட அஞ்சு வருஷம் குடித்தனம் நடத்தினது நானா நீங்களா? ஒருத்தனுக்கும் அவ மாதிரி பேசத் தெரியலயே! கேளுங்க. சும்மா இருக்கிறவன் சும்மா இல்லம்பா. யாரு கை ஓங்கியிருக்கோ அவன் பக்கம் நிக்கான், நிக்கிறது அவனுக்கே தெரியலம்பா. எகிப்துல கோடிப் பேரு சும்மாத்தான் இருந்தான், அதுல ஒரு பிரமிடு எந்திரிச்சிச்சும்பா. தப்பான பக்கம் நின்னாக்கூடத் திட்டித் திருப்பிரலாம், நடுவுல நிக்கிறவன எங்க போய்த் திட்டுறதும்பா. உங்களத் திட்டணும்னா நீங்க எங்கயாவது நிக்கணும்லாங்க, அப்படிம்பா. அப்படித்தான் சொன்னா. அதுக்கு எனக்கு அன்னைக்கும் பதில் தெரியல."

மூச்சு வாங்கியது. சபையில் யாரோ கை தட்டினார்கள். உடனே நிறுத்திக்கொண்டார்கள்.

வாக்கெடுப்பு நடந்தது. சட்டத்தை நீக்க ஒரே ஒரு சில்லு விழுந்தது. அதுவும் என்னுடையது அல்ல. யாருடையது என்று இன்றுவரை தெரியாது.

"தீர்மானம் தோத்துப்போச்சு," என்றார் லாத்தா. "இசக்கி, நீ எங்க நிக்கேன்னு பாரு."

பார்த்தேன். கோட்டைக் காணோம். சவரிமுத்து அண்ணனைத் திட்ட அந்தப் பக்கம் போயிருக்கிறேன். அண்ணாச்சியைத் திட்ட இந்தப் பக்கம் வந்திருக்கிறேன். பிறகு பின்வரிசைக்காரனைத் தேடி மறுபடி அந்தப் பக்கம். செம்மண் தரை முழுக்க என் கால் தடம்.

"எந்தப் பக்கமும் நிக்காதவனுக்குத்தான் சட்டம்," என்றார் லாத்தா. "ரெண்டு பக்கமும் நின்னவனப் பத்திச் சுவத்துல ஒண்ணும் இல்ல. யாருக்காவது ஆட்சேபணையா?"

மூன்று பேருக்கு இருந்தது. லாத்தா பார்த்த பார்வையில் உட்கார்ந்துவிட்டார்கள்.

"சரி. இப்ப மண்ணுக்கு வாங்க."

நான் உட்கார்ந்திருக்கலாம். வாய் நிற்கவில்லை.

"ஒரு கேள்வி. எந்தப் பாத்தியிலருந்து?"

"என்ன?"

"விளையிற மண்ணுதான் வேணுமாம். பை நெறைய. எந்தப் பாத்தியிலருந்து அள்ளப் போறிய? கத்தரியிலருந்தா? அதுல செண்பகம் இருக்கா. நான் விடமாட்டேன்."

"சே, சே. கத்தரி வேண்டாம்," என்றார் கோமதிநாயகம் அண்ணாச்சி. "தக்காளியில எடுப்போம்."

"தக்காளியில எங்க அய்யா இருக்காரு," என்றார் அவருக்குப் பின்னால் இருந்த அவர் மச்சான். "எங்கய்யாவ அனுப்பி ஆஸ்பத்திரி வாங்குவீரோ?"

"அப்ப வெண்டை."

"வெண்டையில எங்க அத்த!"

"பாகல்ல யாரு?"

"பாகல்ல உங்க பெரியப்பாதான் அண்ணாச்சி."

அண்ணாச்சி தலையைச் சொறிந்தார். "எல்லாப் பாத்தியிலயும் ஒவ்வொரு கரண்டி எடுத்தா?"

"கலந்தா? எங்க அத்தையும் உங்க பெரியப்பாவும் உசுரோட இருக்கும்போதே பேசிக்கிட்டதில்ல!"

சேர வேண்டும் என்ற கட்சி நான்காக உடைந்தது. கூடாது என்ற கட்சி அதைக் கண்டு சந்தோஷப்படலாமா என்பதில் இரண்டாக உடைந்தது. சவரிமுத்து அண்ணன் திடீரென்று, ஆஸ்பத்திரி மட்டும் நாமே கட்டினால் என்ன, எல்லாக் குழிகளும் சேர்ந்து கட்டினால் என்ன, என்று கேட்டார். எந்தக் குழியில் என்று சட்டிக்காரன் கேட்பானே என்றார் ஒருவர். அது கபடி வாரத்தில் பேச வேண்டியது என்றார் இன்னொருவர். அண்ணாச்சி அந்த யோசனை தன்னுடையது என்றார்.

சாயங்காலம் ஆயிற்று. சந்தானகோபாலன் எழுந்து கை தூக்கினார்.

"மன்னிக்கணும். நான் கிளம்பணும். கொடுத்தாங்க, இல்ல மறுத்தாங்க. ரெண்டுல ஒண்ணு சொல்லணும். என்னன்னு சொல்லட்டும்?"

"பேசிக்கிட்டிருக்காங்கன்னு சொல்லுங்க," என்றார் லாத்தா.

"அப்படி ஒரு பதில் எங்க ஊர்ல கிடையாதும்மா. பதில் இல்லாமத் திரும்பினா என்னை உள்ள விட மாட்டாங்க."

"அப்ப இரிங்க."

அவர் வண்டிக்குள் போய் ரேடியோவில் பேசினார். கதவு திறந்திருந்ததால் எனக்குக் கேட்டது. அந்தப் பக்கம் ஓர் இளம்பெண்.

"உரல் பதில்?"

"இன்னும் பேசிக்கிட்டிருக்காங்க."

அந்தப் பக்கம் காகிதம் புரட்டும் சத்தம்.

"பேசறதுன்னா? யாரோட?"

"ஒருத்தரோட ஒருத்தர்."

"எதைப் பத்தி சார்?"

சந்தானகோபாலன் சொன்னார். பல்பிடுங்குகிற அண்ணாச்சியிலிருந்து ஆரம்பித்துப் பாகல் பாத்திப் பெரியப்பா வரை. அவர் நன்றாகக் கதை சொல்வார் என்று நான் நினைக்கவில்லை. முடித்ததும் அந்தப் பெண் குரலைத் தாழ்த்தி மெல்லக் கேட்டாள்.

"சார், நாளைக்கும் கூப்பிடுவீங்களா? பக்கத்து அறைக்காரங்களும் கேக்கறாங்க. அந்த அத்தை கட்சி என்னாச்சுன்னு."

அவர் மறுநாளும் கூப்பிட்டார். அதற்கு மறுநாளும். ஒரு வாரத்தில் அந்தப் பக்கமிருந்து கேட்பவர்கள் குறுக்கே பேச ஆரம்பித்தார்கள். தக்காளிதான் சரி என்றது ஒரு கட்சி. யாரோ ஒருவர், பெரியவர் தூங்கும்போது எழுப்பலாமா கூடாதா என்று கேட்டார். அன்று பெருங்குழாயில் முதல்முறையாக இரண்டு அபிப்பிராயங்கள் இருந்தன.

முத்திரை போட்ட பை உணவுக்கூடத்து ஆணியில் தொங்குகிறது. கேனில்தான் கத்தரிக்குத் தண்ணீர் ஊற்றுகிறேன். சந்தானகோபாலன் எனக்கு எதிர் நாற்காலியில் உட்கார்ந்து, வெளியூர்க்காரருக்கு வாக்கு ஏன் இல்லை என்று நான்கு நாளாகச் சண்டை போடுகிறார். ஏதென்ஸிலும் வெளியூர்க்காரர்களுக்கு வாக்கு இல்லை என்றேன். அப்படியானால் ஏதென்ஸும் தப்பு என்றார். செண்பகத்துக்கு அவரைப் பிடித்திருக்கும்.

நேற்று ஜைனம்பு லாத்தா கத்தரிக்காய்க் குழம்பு கொண்டுவந்து வைத்தார். அவர் போனபின் கொஞ்சம் ஊற்றிக்கொண்டேன். ஒரு துண்டை எடுத்து வாயில் வைத்தேன்.

காரம் மிகவும் அதிகம்.

இதைச் சொல்லித்தான் ஆக வேண்டும் என்று தோன்றியது. சட்டையை மாட்டிக்கொண்டு சபைக்குப் போனேன்.